அழுக்குக் கூடை

எனக்கு மூக்கு கூர்மை. பெருமைக்குச் சொல்லவில்லை, அது ஒரு தொல்லை. பேருந்தில் ஏறியதுமே யார் காலையில் மீன் கழுவிவிட்டு வந்திருக்கிறார்கள், யார் நேற்றுப் போட்ட சட்டையையே இன்றும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், எந்த சீட்டில் எந்தக் குழந்தை வாந்தி எடுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். தெரிந்து என்ன ஆகப்போகிறது. குமட்டும், அவ்வளவுதான். பிறந்த வீட்டில் என்னை மோப்ப நாய் என்று கேலி செய்வார்கள். நானும் விடாமல் தட்டை முகர்ந்து, டம்ளரை முகர்ந்து, தலையணை உறையை முகர்ந்துதான் வளர்ந்தேன். முகர்வதற்கும் முகம் சுளிப்பதற்கும்தான் மூக்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

வேலை விழுப்புரத்தில், வீடு திண்டிவனத்தில். நடுவில் தினமும் இரண்டு பேருந்துப் பயணம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே போய், மூக்கில் வைத்துக்கொண்டே திரும்புவேன். கூட்டேரிப்பட்டில் வண்டி நிற்கும்போது வேகவைத்த மல்லாட்டைக் கூடையோடு, வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், ஒரு பெண் ஏறுவார். என் பக்கத்து சீட் காலியாக இருந்தால் அங்கேதான் உட்காருவார். மல்லாட்டை ஆவியும் வியர்வையும் சேர்ந்து, ஈரச் சாக்கு போல ஒரு வாடை அடிக்கும். நான் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு, உட்கார இடம் கிடைத்தும் எழுந்து நிற்கிறவள் நான். என் அருவருப்பு எந்த அளவுக்கு இருந்தது என்று இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

கடை என்றால் துணிக்கடை. மூன்று மாடி, முழுக்க ஏசி. இரண்டாவது மாடியில் நைட்டிப் பிரிவு என்னுடையது. காலையில் கடை திறக்கும் முன் பின்வாசல் படிக்கட்டில் ஒரு சடங்கு நடக்கும். பெண்கள் எல்லோரும் யூனிஃபார்ம் சேலையோடு வரிசையில் நிற்போம். படியின் மேல் சூப்பர்வைசர் அக்கா முழங்கை நீள சென்ட் ஸ்ப்ரே டப்பாவோடு நிற்பார். ஒவ்வொருத்தியாக எதிரே போய் இரண்டு கையையும் தூக்க வேண்டும். இந்த அக்குளில் ஒரு அடி, அந்த அக்குளில் ஒரு அடி, கழுத்துக்குக் கீழே ஜாக்கெட்டின் மேல் ஒரு அடி.

"கைய நல்லா தூக்கு. ஜல்தி. அடுத்த ஆளு வா."

மாட்டுக்கு ஊசி போடுகிற இடத்தில்கூட மாட்டின் கழுத்தை ஒரு தடவை தடவிக் கொடுப்பார்கள். இங்கே அதுவும் கிடையாது. மூடிய ஹாலில் இத்தனை பெண்கள் வேலை செய்தால் வியர்வை நாற்றம் வரும், கஸ்டமர் முகம் சுளிப்பார்கள் என்பது மேனேஜர் சாரின் கண்டுபிடிப்பு. ஆண் பையன்களுக்கு இந்தச் சடங்கு இல்லை. அவர்களுடைய வியர்வை கஸ்டமர் மூக்குக்கு எட்டாது போலிருக்கிறது.

இப்போது அந்தப் படிக்கட்டை நினைக்கவே பிடிக்கவில்லை. அப்போது எனக்கு அது பிடித்திருந்தது. அந்தக் கடையில் எனக்குப் பிடித்த விஷயமே அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். ஏதோ பழமும் ரோஜாவும் கலந்த கனமான வாசனை. பேருந்து நாற்றத்தை ஒரே அடியில் விரட்டிவிடும். மற்றப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைத் தூக்குவார்கள். நான் மூச்சை இழுத்து வாங்கிக்கொள்வேன். ஸ்டாஃப் விலைக்குக் கிடைக்கிறது என்று வீட்டுக்கும் ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தேன்.

மற்றபடி அந்தக் கடையில் மனித உடம்பு எதற்காகப் படைக்கப்பட்டது என்பதே வேறு. கால் இருப்பது நிற்க. வாய் இருப்பது "வாங்க மேடம், என்ன சைஸ் மேடம்" என்று சொல்ல. மூத்திரப்பை இருப்பது அடக்க. வேலை செய்கிறவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்ததும் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு ஸ்டூல் போட்டார்கள். அன்றைக்கே அதன்மேல் உள்ளாடைப் பெட்டிகளை அடுக்கினார்கள். ஸ்டூல் உட்கார்ந்திருக்கிறது, நாங்கள் நிற்கிறோம். பெண்கள் கழிப்பறை மொட்டை மாடிக்குப் போகிற வழியில். சாவி சூப்பர்வைசர் அக்காவிடம். "இப்பதான போய்ட்டு வந்த" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். சாவி கேட்க வெட்கப்பட்டுக்கொண்டும், அந்தக் கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்துகொண்டும் நாங்கள் யாரும் மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

மகள் பிறந்ததும் வேலையை விட்டு நின்றேன். அவளுக்கு ஐந்தாவது மாதம் நடக்கும்போது திரும்பச் சேர்ந்தேன். வீட்டுக்காரர் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். வீட்டில் நானும் மாமியாரும் குழந்தையும். பகலில் மாமியார் பாட்டிலில் பால் கொடுப்பார். மற்ற நேரம் என்னிடம்.

அதற்கு நான் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தையைத் தொட மாட்டேன். அவள் பாயில் கிடந்து கையைக் காலை ஆட்டிக் கூப்பிட்டாலும் நேராகக் குளியலறைக்குத்தான் போவேன். பேருந்துக் கம்பியைப் பிடித்த கை, கண்டவர்கள் உரசிய தோள், ஏசியிலும் ஊறிப்போன ஜாக்கெட். இதோடு பச்சைப் பிள்ளையை எப்படித் தூக்குவது? சோப்பு போட்டு இரண்டு முறை தேய்த்துக் குளிப்பேன். பவுடர் போடுவேன். அப்புறம் டப்பாவை எடுத்து அக்குளிலும் கழுத்திலும் அடித்துக்கொள்வேன். துவைத்து மடித்த நைட்டியைப் போட்டுக்கொண்டு வந்துதான் அவளைத் தூக்குவேன். காலையிலும் அப்படித்தான். அவள் விழிப்பதற்குள் குளித்து வாசனையோடு தயாராக இருப்பேன். என் மகளுக்கு வாசனையான அம்மாதான் வேண்டும் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் பாலைக் கொஞ்சம் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பினாள். பசியில்லை போலிருக்கிறது என்று விட்டேன். அப்புறம் வாயை வைத்து எடுத்தாள். அதற்கும் அப்புறம் மடியில் போட்டாலே முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலற ஆரம்பித்தாள். நடு ராத்திரித் தூக்கக் கலக்கத்தில் மட்டும் கொஞ்ச நாள் குடித்தாள். பிறகு அதுவும் நின்றது. பாட்டிலைக் கண்டால் கையை நீட்டினாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள், மாமியார் இடுப்பில் இருந்துகொண்டு என்னிடம் தாவப் பார்ப்பாள். வாங்கி மார்போடு அணைத்தால் மூக்கைச் சுருக்கிக்கொண்டு அழுவாள். மூக்கைச் சுருக்குவதில் என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமியாருக்குப் பால் வற்றிவிட்டது என்று சந்தேகம். பூண்டு உரித்து உரித்து அவர் விரல் நகமெல்லாம் வெந்துபோனது. காலையில் கேப்பைக் கூழ், மத்தியானத்துக்குப் பூண்டுக் குழம்பு, ஞாயிறு வந்தால் சுறாப்புட்டு. சுறா வேகும்போது நான் வாசலில் போய் நின்றுகொள்வேன். அந்த நாற்றத்தைச் சகித்து விழுங்கியதற்கே எனக்குப் பால் ஆறாக ஓடியிருக்க வேண்டும்.

"மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறேன்னு வேண்டிக்கினு இருக்கேன். நீ மூஞ்ச சுளிக்காம தின்னு. புள்ளைக்காகத்தான தின்ற?"

"பால் இருக்குது அத்த. அவதான் குடிக்க மாட்டேங்குறா."

"அது எப்படிடி, பால் இருந்தா குடிக்காத புள்ள உண்டா? நான் மூணு பெத்தவ."

பால் இருந்தது. அது எனக்குத்தான் தெரியும். கடையில் நான் விற்றுக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? ஃபீடிங் நைட்டி. இரண்டு பக்கமும் மறைவாக ஜிப் வைத்தது. "வெளிய தெரியவே தெரியாது மேடம், பஸ்ல கூட ஈசியா கொடுக்கலாம், குழந்தை அப்படியே செட்டாகி தூங்கிடும்" என்று ஜிப்பை இழுத்து இழுத்துக் காட்டுவேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்கள் கண் விரிய வாங்கிப் போவார்கள். எதிரே நின்று சொல்கிறவளிடம் அவளுடைய பிள்ளையே வர மாட்டேன் என்கிறது என்று யாருக்குத் தெரியும்.

ஒரு நாள் வளவனூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வளைகாப்புத் துணி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களோடு வந்த கைக்குழந்தை பசியில் வீறிட்டது. அந்தக் குரல் காதில் விழுந்ததுமே எனக்கு மார்பு இரண்டும் கல்லாக இறுகி, பால் பொங்கி, ஜாக்கெட்டைத் தாண்டிச் சேலையில் இறங்கியது. யூனிஃபார்ம் சேலை வெளிர் நிறம். கையிலிருந்த நைட்டியை மார்பில் அணைத்துக்கொண்டு சூப்பர்வைசர் அக்காவிடம் ஓடினேன்.

"சாவி குடுங்க்கா."

"கஸ்டமர வுட்டுட்டு எங்க வர்ற நீ? இப்ப இன்னா அவசரம்?"

நைட்டியை விலக்கிக் காட்டினேன். அக்கா ஒரு நொடி என் மார்பையே பார்த்தார். பிறகு சாவியைக் கொடுத்தார்.

அந்தக் கழிப்பறையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். தரையில் எப்போதும் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அது என்ன தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. பாசி பிடித்த மக். மூலையில் மூடியில்லாத குப்பைத் தொட்டி, அதில் காகிதம் சுற்றாமல் போட்ட நாப்கின்கள் நிரம்பி வழியும். நிற்க வேறு இடமில்லாமல் கக்கூஸ் பேசினின் இரண்டு பக்கத்திலும் காலை வைத்துக் குனிந்து நின்று, மார்பைப் பிழிந்து பாலைப் பீச்சினேன். மலம் போகிற ஓட்டையில் என் மகளின் சாப்பாடு வெள்ளையாக வழிந்து இறங்கியது. அந்த நாற்றத்தில் எனக்கு உமட்டிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. பூண்டும் சுறாவும் கேப்பையும் தின்று நான் சேர்த்ததெல்லாம் இந்த ஓட்டைக்குத்தானா என்று ஆத்திரம் வந்தது. அதற்கப்புறம் தினமும் அங்கே போய்ப் பீச்சிக் கொட்டினேன். கொட்டாவிட்டால் காய்ச்சல் வரும்போல வலித்தது.

டாக்டரம்மாவிடம் கேட்டோம். வேலைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் பாட்டிலுக்குப் பழகிவிடும், சில பிள்ளைகள் அப்படித்தான், விட்டுவிடுங்கள் என்றார். வீட்டுக்காரர் போனில், "பாட்டில்லயே குட்த்துடேன், இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு" என்றார். எல்லோருக்கும் அது பால் விஷயம். எனக்கு அது பால் விஷயமாகத் தெரியவில்லை. ஒரு நாளில் அவளோடு நான் இருக்கிற நேரமே கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்திலும் அவள் என்னைத் தள்ளினாள். என் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நான் நம்பத் தொடங்கிவிட்டேன். வெளியே சொல்ல முடியாத அசிங்கமாக அது உள்ளே கிடந்தது.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. அன்றைக்குத்தான் வீட்டை முழுக்கக் கழுவுவேன். அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறைச் சுவர், மின்விசிறி இறக்கை எல்லாம். அதற்கென்று பழைய காட்டன் நைட்டி ஒன்று வைத்திருந்தேன், பேறுகாலத்தில் போட்டது. அழுக்கு வேலைக்கு மட்டும் அதைப் போடுவேன். தூசி என்று குழந்தையைக் கிட்டே விட மாட்டேன். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிக் குளியலறை வாசலில் இருக்கும் நீல நிற அழுக்குக் கூடையில் வீசிவிட்டு, குளித்து, டப்பா அடித்துக்கொண்டு வருவேன்.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் வந்து அவளை மடியில் போட்டேன். அலறினாள். மாமியார் பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தார். பாதி குடித்துவிட்டு விளையாட இறங்கினாள். அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். மாமியார் கட்டிலில் சாய்ந்து ஜெபமாலையோடு தூங்கிப்போனார். நான் சமையலறையில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரமாக ஒரு சத்தமும் இல்லையே என்று எட்டிப் பார்த்தால் பாயில் குழந்தை இல்லை.

குளியலறை வாசலில் அழுக்குக் கூடை கவிழ்ந்து கிடந்தது. பேருந்துத் தூசி படிந்த என் சேலை, மாமியாரின் புடவை, கால் துடைக்கிற துணி எல்லாம் பரந்து கிடக்க, அதன் நடுவில் என் மகள் குப்புறப் படுத்திருந்தாள். கைகள் இரண்டிலும் அந்தப் பழைய நைட்டி. அதன் மார்புப் பக்கத்தில் முகத்தைப் புதைத்து, துணியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். பால் கசிந்து காய்ந்து மொடமொடத்த இடம் அது. கண்களை மூடியிருந்தாள்.

எனக்கு உடம்பே கூசியது. "ஐயையோ, சீச்சீ" என்று ஓடிப்போய் நைட்டியைப் பிடுங்கினேன். எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டடையும் படிந்த துணியாயிற்றே என்று விரலை விட்டு அவள் வாயைத் துடைத்தேன். முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவினேன். அவள் நீலம் பாரிக்க அழுதாள். கீழே இறக்கிவிட்டதும் மறுபடியும் அந்தக் குவியலை நோக்கித் தவழ்ந்தாள். பிடித்து இழுத்தேன். திரும்பவும் போனாள். சேலையைத் தாண்டினாள், மாமியாரின் புடவையைத் தாண்டினாள், நான் தூக்கி மறைத்து வைத்திருந்த நைட்டி இருக்கும் பக்கம் பார்த்து வந்தாள். கண்ணால் பார்த்து வரவில்லை. மூக்கைத் தூக்கி, காற்றை இழுத்து இழுத்து வந்தாள்.

மோப்ப நாய் என்று என்னைச் சொல்வார்களே, அது நினைவுக்கு வந்தது.

நைட்டியை எடுத்து நானே முகர்ந்து பார்த்தேன். புளித்த தயிர், பூண்டு, வியர்வை, ஏனம் கழுவிய தண்ணீர். குடல் வாய்க்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் அன்பும் இல்லை, பாசமும் இல்லை, வெறும் நாற்றம். ஆனால் அது என் நாற்றம். என் மகளுக்குப் பிறந்த நாளிலிருந்து தெரிந்த நாற்றம். அவள் கண் சரியாகத் தெரியாத நாளிலேயே இதை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தாள். இதைத்தான் நான் தினமும் தேய்த்துக் கழுவி, மேலே பழமும் ரோஜாவும் பூசிக்கொண்டு வந்து, அம்மா வந்திருக்கிறேன் பார் என்று அவள் முகத்தில் அழுத்தியிருக்கிறேன். அவள் கூடை வரைக்கும் தவழ்ந்து போய் அம்மாவைத் தேடியிருக்கிறாள். நான் அவளிடமிருந்து அதையும் பிடுங்கிக் கழுவினேன்.

குளியலறைக்குள் போய்ச் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் அந்தப் பூச்சு வாசனை போகிற வரைக்கும் தேய்த்தேன். அது லேசில் போகவில்லை. பிசினாக ஒட்டியிருந்தது. தோல் எரிய எரியத் தேய்த்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த அழுக்கு நைட்டியை எடுத்து மாட்டினேன். ஈரமும் மொடமொடப்புமாக அது முதுகில் பட்டபோது உடம்பெல்லாம் கூசிச் சிலிர்த்தது. கழற்றி எறிந்துவிடலாம் என்றுதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து குளியலறை வாசலிலேயே, அந்தத் துணிக் குவியலுக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அவள் தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்து ஏறினாள். முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அக்குளுக்குள் மூக்கை விட்டாள். அங்கே கொஞ்ச நேரம் புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் திருப்பி, வாயைத் திறந்து பிடித்தாள். பிடித்த வேகத்தில் வலியில் எனக்குக் கண் இருட்டியது. குடித்தாள். ஒரு கை நைட்டியைக் கசக்கிப் பிடித்திருந்தது, விடவே இல்லை. பாதி பாட்டில் ஏற்கெனவே குடித்த பிள்ளை, மூச்சு வாங்க வாங்கக் குடித்தாள்.

மாமியார் எழுந்து வந்து கூடத்தில் நின்று பார்த்தார். முதலில் வாயில் கை வைத்தார், அப்புறம் மூக்கில் வைத்தார்.

"இன்னாடி இது கோலம்? அழுக்கு நைட்டியோடவா புள்ளைய தூக்குவ? நாறுது. எழுந்து போய் குளிச்சிட்டு வா."

"சும்மா இருங்க அத்த. குளிச்சிக் குளிச்சித்தான் கெட்டேன்."

மறுநாள் காலையில் சோப்பில்லாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். பின்வாசல் படிக்கட்டில் வரிசை நகர்ந்தது. என் முறை வந்தது. நான் கையைத் தூக்கவில்லை.

"இன்னா, தூங்கிக்கினு நிக்கிற? கைய தூக்கு."

"எனக்கு வேணாங்க்கா. இந்த வாசனைக்குப் புள்ள பால் குடிக்க மாட்டேங்குது."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். சூப்பர்வைசர் அக்கா சிரிக்கவில்லை. டப்பாவைப் பிடித்த கை அப்படியே நின்றது. மேனேஜர் சார் படியில் ஏறி வந்துகொண்டிருந்தார். விஷயம் கேட்டார். கேட்டுவிட்டு என்னிடமிருந்து ஒரு படி விலகி நின்றுகொண்டார்.

"நாத்தத்தோட ஃபுளோர்ல நின்னா கஸ்டமர் வருவாங்களா? யோசிச்சுப் பாரும்மா."

"எனக்கு வீட்ல ஒரு கஸ்டமர் இருக்கா சார். அவளுக்கு இதான் வேணுமாம்."

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆள் பற்றாக்குறை நேரம், போகவில்லை. கீழே குடோனுக்கு அனுப்பினார்கள். பார்சல் பிரித்து விலைச்சீட்டு ஒட்டுகிற வேலை. ஏசி கிடையாது, ஜன்னல் கிடையாது, எலிப் புழுக்கை உண்டு. தண்டனை என்று நினைத்துத்தான் அனுப்பினார்கள், தண்டனையாகத்தான் இருந்தது. அட்டைப்பெட்டித் தூசியும் கஞ்சித் துணி வாடையும் தொண்டையை அடைத்தன. மத்தியானத்துக்குள் சேலை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரே லாபம், கீழே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்ளலாம். தண்ணீர் பாட்டிலை முதல் முறையாகக் காலி செய்தேன். அவசரம் என்றால் வாசல் காவலருக்கான கழிப்பறைக்குப் போவேன். அதுவும் நாறுகிறது, ஆனால் சாவி கிடையாது.

அன்று மாலைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு முகம் எரிந்தது. இறங்கிப் போய் எங்காவது குளித்துவிட்டு வரலாமா என்றிருந்தது. கூட்டேரிப்பட்டில் மல்லாட்டைக்காரப் பெண் ஏறி, காலியாக இருந்த என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அவருடைய வாடை என் மேலும், என் வாடை அவர் மேலுமாகத் திண்டிவனம் வந்து சேர்ந்தோம். அவரை நான் அன்றும் சகித்துக்கொள்ளத்தான் செய்தேன். நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வியர்வை இன்றைக்கும் எனக்கு அருவருப்புதான். வீட்டுக் கதவைத் திறந்ததும் மகள் தவழ்ந்து வந்து அந்த வியர்வைக்குள் மூக்கை விடும்போதும் எனக்குக் கூசத்தான் செய்கிறது. அவள் குடிக்கிறாள், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

குடோனுக்கு வந்த சில நாள் கழித்து, ஸ்டாக் பார்க்க என்று சூப்பர்வைசர் அக்கா கீழே வந்தார். நைட்டிக் கட்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. கடையில் என்னைவிடப் பல வருஷம் மூத்தவர். அவர் மகன் பத்தாவது படிக்கிறான்.

"இப்ப குடிக்குதா?" என்றார்.

"குடிக்குதுங்க்கா. நல்லா குடிக்குது."

"அந்த வாசனைதான்றியா?"

"அதான்க்கா. அத வுட்டதும் வந்துட்டா."

அக்கா கட்டை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"எம்புள்ளயும் இப்படித்தான் வுட்டுச்சு. நான் அப்பதான் வேலைக்குச் சேந்தேன். பால் வத்திப் போச்சுன்னாங்க. என் ஒடம்புக்கு அவ்ளோதான்னு வுட்டுட்டேன்."

பார்சல் கயிற்றை அறுத்துக்கொண்டே இருந்தேன். அவர் பக்கத்தில் நின்றதால் எனக்கு அவருடைய வாசனை வந்தது. பழமும் ரோஜாவும். இத்தனை வருஷமாக எல்லோருக்கும் அடித்து அடித்து அது அவர் தோலிலேயே ஏறியிருந்தது. வீட்டில் குளித்தாலும் அது போகாது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் குடோனில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது மேலே படிக்கட்டில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, ஸ்ப்ரே அடிக்கிற சத்தம் கீழே வரை கேட்டது. வரிசையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள், கைப்பிள்ளைக்காரி என்று பேசிக்கொண்டார்கள். அவள் முறை வந்தபோது அந்தச் சத்தம் வரவில்லை. நான் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மேனேஜர் சாரின் செருப்புச் சத்தம் படியில் ஏறி நின்றது.

"கைய தூக்கும்மா" என்று அக்கா சொல்வது கேட்டது. ஜல்தி என்று சொல்லவில்லை. பிறகு மூன்று முறை அடித்தார்.